‘போதும்’ என்று சொன்னால் பட்டினிதான்! வெளிநாட்டு வீட்டில் தங்கும் மாணவர்கள் முதல் வாரத்தில் படும் பாடு

தளி ரோஜாவுக்கு வெளிநாடு புதிது அல்ல.

ஓசூர், தளி வட்டாரத்துப் பசுமைக் குடில்களில் வெட்டுகிற பூ அட்டைப் பெட்டியில் ஏறுகிறது. பெங்களூர் போய் விமானம் பிடிக்கிறது. கடல் தாண்டி எங்கோ ஒரு வீட்டு மேஜையில் போய் உட்கார்ந்து விடுகிறது. இஸ்ரேல் நாட்டு ஒத்துழைப்போடு கொய்மலருக்கென்று ஒரு மையமே தளியில் அமைந்திருக்கிறது.

பூவுக்கு வாய் இல்லை. வயிறும் இல்லை. ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும்.

அதே வழியில் ஒரு 16 வயதுப் பிள்ளையை அனுப்பினால் என்ன ஆகும்? முன்பின் தெரியாத வீடு. வாயில் நுழையாத சாப்பாடு. ‘பசிக்குது’ என்று சொல்லவும் கூச்சம்!

மாணவர் பரிமாற்றம் என்ற பெயரில் உலகம் முழுக்க இது நடந்து வருகிறது. ஹாஸ்டல் கிடையாது. சொந்தக்காரர் வீடும் கிடையாது. அந்த ஊர்க் குடும்பம் ஒன்றில் பிள்ளையோடு பிள்ளையாகத் தங்கி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சில மாதமோ, ஒரு வருஷமோ படிக்க வேண்டும். அங்கிருந்தும் பிள்ளைகள் இங்கே வருவார்கள். ரோட்டரி சங்கமும், ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகளும் இதை நடத்துகின்றன.

படிப்பில் புலியாக இருக்கும் பிள்ளைகூட முதல் வாரத்தில் தடுமாறி விடுகிறது. காரணம் பாஷை மட்டும் அல்ல. அந்த வீட்டின் சின்னச் சின்ன சட்டங்களை யாரும் வாய் திறந்து சொல்வது இல்லை. பிள்ளையும் கேட்பது இல்லை. அங்கேதான் சிக்கல்!

ஆம்புலன்ஸ்காரர்கள் தொடங்கியது

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதே ஒரு கதை.

முதல் உலகப் போர் நடந்த நேரம். 1915-ல் பிரான்சில் காயம்பட்ட வீரர்களைத் தூக்கிப் போக அமெரிக்கத் தொண்டர்கள் ஓர் ஆம்புலன்ஸ் படை அமைத்தார்கள். அதுதான் ஏ.எஃப்.எஸ். இரண்டாம் உலகப் போரிலும் அந்தப் படை வேலை செய்தது.

போர் முடிந்தது. பிணத்தையும் ரத்தத்தையும் பார்த்துச் சலித்தவர்கள், இனி சண்டை வராமல் இருக்க என்ன வழி என்று யோசித்தார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டு வளர்ந்தால் பகை குறையும் என்று நினைத்தார்கள். 1947-ல் 10 நாடுகளில் இருந்து 52 மாணவர்கள் அமெரிக்காவுக்கு வந்து இறங்கினார்கள்.

அதற்கும் முன்பே, 1932-ல், டொனால்டு வாட் என்ற அமெரிக்கர் இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய்ப் பழக விடும் சோதனையைத் தொடங்கி இருந்தார்.

நோக்கம் பெரியது. ஆனால் பிள்ளைக்கு முதல் நாள் எழும் கேள்வியோ சின்னது: ‘இன்னும் ரெண்டு ரொட்டி கேட்கலாமா, கூடாதா?’

காந்தியின் பசி

இந்தக் கேள்வியில் மாட்டித் தவித்தவர் சாதாரண ஆள் அல்ல, மகாத்மா காந்தி!

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. அவருக்குச் சம்பந்தி ஆனவர் காந்தி. அந்தக் காந்தி 1888-ல் லண்டன் போனபோது 18 வயது வாலிபர். ஊர் ஞாபகமும் தாயார் ஞாபகமும் வந்து இரவில் கண்ணீர் விட்டதாக அவரே தன் சுயசரிதையில் எழுதி இருக்கிறார்.

அவரைப் பார்க்க டாக்டர் மேத்தா என்ற குஜராத்தி நண்பர் வந்தார். காந்தி சும்மா இருக்காமல், மேத்தாவின் தொப்பியை எடுத்துத் தடவிப் பார்த்தார். அதன் ரோமம் கலைந்து விட்டது. அன்றைக்கே பாடம் ஆரம்பம்! அடுத்தவர் பொருளைத் தொடாதே. பார்த்தவுடனே சொந்தக் கேள்வி கேட்காதே. சத்தம் போட்டுப் பேசாதே.

ஓட்டலில் இருந்தால் இங்கிலாந்து புரியாது, ஒரு குடும்பத்தோடு தங்கு என்று யோசனை சொன்னவரும் அந்த மேத்தாதான்.

காந்தி ஒரு விதவை அம்மாள் வீட்டில் குடி போனார். புலால் சாப்பிட மாட்டேன் என்று தாயாரிடம் சத்தியம் செய்து கொடுத்து இருந்தார். அந்த அம்மாளுக்கோ காய்கறியை ருசியாகச் சமைக்கத் தெரியவில்லை. அவருடைய இரண்டு பெண்கள் கூட ஒன்றிரண்டு துண்டு ரொட்டி எடுத்து வைத்தார்கள். முழு ரொட்டியே இருந்தால்தான் காந்தியின் பசி அடங்கும். ஆனால் கேட்க வெட்கம்!

தெருத்தெருவாக நடந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்த பிறகுதான் வயிறு நிறைந்தது.

அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. இரண்டு துண்டு போதும் என்று நினைத்துக் கொண்டார்கள். இவர் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கம்பளிக்குள் நுழையத் தெரியாத மேதை

அடுத்த கதை நம்ம கணித மேதை ராமானுஜன்.

1914 மார்ச் 17-ந் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் வந்தார். பேராசிரியர் நெவில் நேரில் வந்து வரவேற்று, கேம்பிரிட்ஜில் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். சில வாரம் அந்த வீட்டு விருந்தாளி. நெவில் தம்பதி தங்கமானவர்கள். இருந்தாலும் ராமானுஜனுக்கு அந்த ஊர்க் காய்கறி பிடிக்கவில்லை. 26 வயது வரை திறந்த காலோடு நடந்தவருக்கு ஷூ கடித்தது.

பிறகு டிரினிட்டி கல்லூரி அறைக்குப் போனார். அங்கே அவரைப் பார்க்க மகலனோபிஸ் போனார். பின்னாளில் புள்ளியியலில் பெயர் பெற்ற அதே மகலனோபிஸ்தான். ராத்திரி குளிர் தாங்கவில்லை என்றார் ராமானுஜன். ஓவர்கோட்டைப் போட்டு, சால்வை போர்த்திப் படுத்தும் நடுங்குகிறாராம்.

மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் கச்சிதமாக விரித்து மடித்துச் செருகி இருந்தன. ராமானுஜன் அவற்றுக்கு மேலே படுத்துத் தூங்கிக் கொண்டிருந்தார்! கம்பளியை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்று அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

தளிக் குளிரில் போர்வைக்குள் சுருண்டு படுக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கும்பகோணத்தில் வளர்ந்தவருக்கு அது புதுசு. எத்தனையோ கணக்குக்கு விடை கண்டவருக்கும் படுக்கைக்கு ஒரு ஆள் வழி காட்ட வேண்டி இருந்தது.

கல்லூரிச் சாப்பாடு ஒத்து வராமல் தானே சமைத்துச் சாப்பிட்டார். போர்க்காலத் தட்டுப்பாடு வேறு. 1917-ல் உடம்பு படுத்தது. 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ந் தேதி 32 வயதில் காலமானார். சரியான சாப்பாடு இல்லாததும் அவர் உடம்பைக் கெடுத்தது என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவது தடவை ரசம்

இதே ராமானுஜன் விருந்து கொடுத்த கதையும் உண்டு.

கேம்பிரிட்ஜ் அறைக்கு நண்பர் சட்டர்ஜியையும், அவருக்கு நிச்சயமான பெண்ணையும், இன்னொரு பெண்ணையும் சாப்பிடக் கூப்பிட்டார். தானே சமைத்த ரசத்தை ஊற்றினார். குடித்தார்கள். இரண்டாவது தடவை ஊற்றினார். குடித்தார்கள். மூன்றாவது தடவை வந்தபோது பெண்கள் ‘போதும்’ என்று விட்டார்கள்.

பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம்! டாக்சி பிடித்துப் போய்விட்டார் என்றார் காவலாளி. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டில் இருந்து தந்தி வந்தது. பணம் அனுப்பச் சொல்லி. நான் பரிமாறியதை வேண்டாம் என்றது மனதைப் புண்படுத்தி விட்டது என்று பிறகு சொன்னார்.

காந்தி ‘இன்னும் வேண்டும்’ என்று கேட்காமல் பட்டினி கிடந்தார். அந்தப் பெண்கள் ‘போதும்’ என்று உண்மையைச் சொன்னார்கள். ராமானுஜன் மனம் உடைந்தார். ஒரே வார்த்தை. வீட்டுக்கு வீடு அர்த்தம் வேறு!

நம்ம பக்கத்தில் விருந்தாளி முதலில் ‘வேண்டாம்’ என்பார். ‘அட, சும்மா சாப்பிடுங்க’ என்று இலையில் விழும். மூன்றாவது தடவை சொன்னால்தான் நிஜமான ‘வேண்டாம்’. அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் பெரும்பாலும் ஒரு தடவைதான் கேட்பார்கள். ‘நோ தேங்க்ஸ்’ என்றால் பாத்திரம் உள்ளே போய்விடும். மறுபடி வராது!

நேரமும் மாறும். நம்ம வீட்டில் ராத்திரிச் சாப்பாடு 8 அல்லது 9 மணிக்கு. பல அமெரிக்க வீடுகளில் சாயந்திரம் 6 மணிக்கே முடிந்து விடும். ஸ்பெயினில் 9, 10 மணி ஆகும். ஜெர்மனியில் பல வீடுகளில் ராத்திரி அடுப்பே மூட்டுவது இல்லை. ரொட்டி, சீஸ், இறைச்சித் துண்டு, அவ்வளவுதான். ராகிக் களியும் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அதைப் பார்த்து, ‘சாப்பாடு எப்போ வரும்?’ என்று காத்திருந்தால் விடிந்து விடும்.

முதல் நாள் கேள்வித்தாள்

இதற்கு ரோட்டரி பரிமாற்றத் திட்டத்தில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ‘முதல் இரவுக் கேள்விகள்’ என்று ஒரு பட்டியல். பல மொழிகளில் கிடைக்கிறது. வீட்டில் நுழைந்த அன்றைக்கே குடும்பத்தாரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு விட வேண்டும்.

முதல் கேள்வியே, ‘உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது?’ என்பதுதான்.

தளிப் பிள்ளைக்கு இது பெரிய சங்கடம். இங்கே மாமா, அத்தை, அண்ணா, அக்கா, அஜ்ஜி என்று யாரைப் பார்த்தாலும் ஒரு முறை இருக்கிறது. அங்கே 50 வயது அம்மாள், ‘என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு’ என்பார். நாக்கு எழாது. கூப்பிடாமலே ஒரு வாரம் ஓட்டும் பிள்ளையும் உண்டு. அந்த அம்மாளோ, ‘இந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை போல’ என்று நினைத்துக் கொள்வார்.

மற்ற கேள்விகளும் இதே மாதிரிதான். அழுக்குத் துணியை எங்கே போடுவது? பசித்தால் நானே எடுத்துச் சாப்பிடலாமா, கேட்டு எடுக்கணுமா? காலையில் எத்தனை மணிக்கு எழணும்? நான் குளிக்க எது தோதான நேரம்? வீட்டில் தினமும் என்ன வேலை செய்யணும்?

கேட்க வெட்கமா? தாளில் எழுதிக் காட்டலாம். தப்பே இல்லை.

குளியல் அறை கலாட்டா

இந்தக் கேள்விகளில் குளியல் அறைக்கு ஏன் இடம் என்று யோசிக்கலாம். கலாட்டாவே அங்கேதான்!

இங்கே வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றினால் தரையெல்லாம் ஓடி வடிந்து விடும். அங்கே பல வீடுகளில் குளிக்கும் தொட்டிக்கு வெளியே தண்ணீர் போக வழியே இருக்காது. திரையைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக் குளிக்கணும். இல்லாவிட்டால் மரத் தரை ஊறி, கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும்.

வெந்நீரும் பல வீடுகளில் தொட்டி அளவுதான். ஒருவரே அரை மணி நேரம் நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்.

ஜப்பானில் இன்னும் வேடிக்கை. வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் கொண்ட பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்கணும். வீட்டார் எல்லோருக்கும் அதே தண்ணீர். நல்ல பிள்ளை என்று நினைத்து அடைப்பைப் பிடுங்கி விட்டால், அடுத்தவர் குளியல் போச்சு!

அவர்கள் இங்கே வந்தால்?

அங்கிருந்து இங்கே வரும் பிள்ளைக்கும் பாடு குறைவு இல்லை.

கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். இடது கையால் பரிமாறக் கூடாது. செருப்பு வாசலோடு சரி. இதையெல்லாம் யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகணும்.

அதை விடப் பெரிய கஷ்டம் தனிமை கிடைக்காதது. அவர்கள் ஊரில் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு ஒரு மணி நேரம் இருப்பது சாதாரணம். இங்கே கதவைச் சாத்தினால் பாட்டி தட்டுவார்: “என்னம்மா, உடம்பு சரியில்லையா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

பாட்டிக்குப் பாசம். பிள்ளைக்குத் தலைவலி.

‘அப்பாவுக்கு என்ன சம்பளம்? உனக்குக் கல்யாணம் எப்போ?’ என்று பக்கத்து வீட்டார் கேட்பதும் அன்பில்தான். அந்தப் பிள்ளைக்கு அது விசாரணை மாதிரி இருக்கும்.

ஓசூர் அறிந்த வைத்தியம்

வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குக் கூட ஒரு பெரியவர் இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும். இது ஓசூருக்குத் தெரிந்த பாடம்.

டாடா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகார ஆலை வைத்தது. ஆரம்ப வருஷங்களில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்தது. 17, 18 வயது. பலர் வீட்டை விட்டு வெளியே தங்கியதே இல்லை.

அவர்களை வீடுகளில் தங்க வைத்து, கவனித்துக் கொள்ள ‘வளர்ப்புப் பெற்றோர்’ ஏற்பாடு செய்தது கம்பெனி. வேலை கற்றுத் தர ஆலை இருந்தது. சாப்பாடு, உடம்பு, மனசு இதையெல்லாம் பார்க்க வீட்டில் ஆள் இருந்தார்கள்.

இன்று ஜார்கண்ட், ஒடிசா என்று தூரத்து மாநிலங்களில் இருந்து இந்த வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு இளம் பெண்கள் வருகிறார்கள். பாஷை புதுசு, சாப்பாடு புதுசு. வெளிநாட்டில் நம்ம பிள்ளை படும் பாட்டைப் புரிந்து கொள்ள விமானம் ஏற வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தால் போதும்.

தளிப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகமும் உண்டு. இது எல்லை ஊர். வீட்டில் ஒரு பாஷை, கடையில் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷை. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் காதில் விழும். ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றிப் பழகிய பிள்ளைக்கு அயல்நாட்டு வீடும் சீக்கிரம் பிடிபடும்.

மாதம் போகப் போக

முதல் சில வாரம் திருவிழா மாதிரி இருக்கும். எதைப் பார்த்தாலும் ஆச்சரியம். பிறகுதான் சுருதி இறங்கும். சாப்பாடு கசக்கும். தூக்கம் வராது. அந்த ஊரே பிடிக்காது.

இது நோய் அல்ல. கலேர்வோ ஓபர்க் என்ற மானிடவியல் அறிஞர் 1954-லேயே இதைப் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்று விளக்கிப் பேசினார். 1955-ல் லிஸ்கார்டு என்ற நார்வே அறிஞர், அமெரிக்கா போய் வந்த 200 நார்வேகாரர்களை ஆராய்ந்தார். முதலில் சந்தோஷம், நடுவில் சரிவு, பிறகு மறுபடி ஏற்றம் என்று கண்டார்.

நடுவில் வரும் அந்தப் பள்ளத்தில்தான் பிள்ளை, “அம்மா, நான் வந்துடறேன்” என்று போன் பண்ணும். உடனே டிக்கெட் போட்டு விடவும் கூடாது. “பல்லைக் கடிச்சுக்கோ” என்று அதட்டவும் கூடாது. என்ன நடந்தது என்று முதலில் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

வீட்டை மாற்றுவது அவமானம் அல்ல

ஏன் கேட்க வேண்டும்? ஏக்கம் வேறு, ஆபத்து வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கணும்.

சரியாக நடக்கும் திட்டங்களில் இதற்குப் பாதுகாப்பு உண்டு. ரோட்டரியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர் இருப்பார். அவர் தங்கும் வீட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்க வைப்பதும் வழக்கம்.

அமெரிக்க அரசின் பள்ளி மாணவர் விதிப்படி, தங்க வைக்கும் வீட்டில் 18 வயது தாண்டிய ஒவ்வொருவர் மீதும் குற்றப் பின்னணி விசாரணை நடக்க வேண்டும். அமைப்பாளர் மாதா மாதம் மாணவரோடு பேச வேண்டும். வீட்டாருக்குச் சம்பளம் கிடையாது, மனமுவந்து செய்வதுதான்.

ஆகவே யாராவது தப்பாக நடந்தாலோ, பட்டினி போட்டாலோ, வேலைக்காரி மாதிரி நடத்தினாலோ ஆலோசகரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். வீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அது நன்றி கெட்டதனம் அல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் அமெரிக்காவில் 911, ஐரோப்பிய நாடுகளில் 112. பாஸ்போர்ட் நகலும் ஆலோசகர் நம்பரும் பையில் தனியாக இருக்கட்டும்.

மாணவருக்கும் கண்டிப்பு உண்டு. வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, போதைப் பொருள் கூடாது, காதல் கீதல் கூடாது என்பது ரோட்டரி மாணவர்களுக்குச் சொல்லி அனுப்பும் நாலு கட்டளை.

ஏஜெண்டு சொன்னால் நம்பாதீர்கள்

“பிள்ளையை அனுப்புங்க, அப்படியே வேலை வாங்கித் தர்றோம், செட்டில் ஆயிடலாம்” என்று யாராவது சொன்னால் உஷார்! பள்ளி மாணவர் பரிமாற்றம் வேலைக்கான விசா அல்ல. காலம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும்.

அமெரிக்கா என்றால், அனுமதி பெற்ற அமைப்புகளின் பட்டியலை அந்த நாட்டு வெளியுறவுத் துறையே வெளியிடுகிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டலாம். எந்த வீடு, யார் யார் இருக்கிறார்கள், ஆலோசகர் யார் என்று கேட்டு எழுத்தில் வாங்குவது பெற்றோரின் உரிமை.

பெட்டி கட்டும்போது ஊறுகாய் பாட்டிலை ஏழு துணியில் சுற்றி வைக்கிறார்கள். அதை விட முக்கியமாகப் பிள்ளைக்கு மூன்று வாக்கியம் கற்றுக் கொடுத்து அனுப்ப வேண்டும்:

“எனக்குப் பசிக்கிறது.”

“இது எனக்குத் தெரியாது, காட்டுங்கள்.”

“இது எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம்.”

இந்த மூன்றையும் கூச்சப்படாமல் சொல்லத் தெரிந்த பிள்ளை எந்த நாட்டு வீட்டிலும் பிழைத்துக் கொள்ளும்!